எலிக்குப் பொட்டு வைத்த ஊர்

வெள்ளியம்பாளையத்தில் மனிதர்களின் பயமும் வலியும் எலிகளிடம் போய்த் திரும்பி வந்த கதையைச் சொல்வதென்றால் எலி ஆபீசிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாசல் பலகையில் அதற்கு ஒரு நீளமான பெயர் எழுதியிருந்தது, அதை முழுசாகப் படித்துப் பார்த்தவர்கள் ஊரில் யாருமில்லை; பஸ் கண்டக்டருக்கு அது எலி ஆபீஸ் ஸ்டாப், தபால்காரருக்கு எலி ஆபீஸ், கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கும் எலி ஆபீஸ்தான், அங்கே வேலை பார்க்கிறவர்களை எலி ஆபீஸ்காரர் என்று கூப்பிட்டால் அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளே கிழக்கே ஒரு பெரிய அறை, மேற்கே ஒரு பெரிய அறை, இரண்டிலும் உமிப் படுக்கை போட்ட கூண்டுகள், கூண்டுகளில் சிவந்த கண்களோடு வெள்ளை எலிகள், ஒன்றை உரித்து வைத்த மாதிரி இன்னொன்று.

பார்க்கத்தான் அப்படி. கிழக்கறை எலியை வெளிச்சமான பெரிய பெட்டியில் விட்டால் நேராக நட்ட நடுவுக்குப் போய் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்பது போல நம்மைப் பார்க்கும். மேற்கறை எலியை விட்டால் சுவரோடு சுவராக ஒட்டி ஓடி, மூலையில் முடங்கி, பயத்தில் புழுக்கை போடும். பூனை படுத்த துணியைக் கிழக்கறை எலி கடித்துப் பார்க்கும், மேற்கறை எலி அந்த மணம் வந்த திசைக்கே முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும். வெதுவெதுப்பான தட்டில் நிறுத்தினால் மேற்கறை எலி உடனே பாதத்தைத் தூக்கி நக்கும், கிழக்கறை எலி அப்படியா சேதி என்று நிதானமாக நிற்கும், சூடு படுவதற்கு முன்னால் நாம்தான் அதைத் தூக்கி எடுக்க வேண்டும். ஆதியில் எல்லாம் ஒரே கூண்டில் பிறந்தவைதான், துணிந்ததைத் துணிந்ததோடும் பயந்ததைப் பயந்ததோடும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்ததில் இப்படி இரண்டு வம்சமாகிவிட்டன. வளர்ப்பினால் வந்ததாக இருக்குமோ என்று பிறந்த அன்றே குட்டிகளைத் தாய் மாற்றி வைத்தும் பார்த்தார்கள். துணிச்சல்காரத் தாயிடம் பால் குடித்து வளர்ந்த மேற்கறைக் குட்டி அப்போதும் மூலையைத்தான் தேடிப் போயிற்று.

இதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தவர் டாக்டர் ஜெயசீலன், நாகர்கோவில் பக்கத்துக்காரர். பயத்தைப் பற்றிப் பெரிய பெரிய கட்டுரைகள் எழுதியவர், ஆனால் சுவரில் பல்லியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார், தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். பயமும் வலியும் ரத்தத்தில் ஒட்டிப் பிறந்தவையா, தனித்தனியாகப் பிரிக்கக் கூடியவையா என்பதுதான் அவருடைய கேள்வி, அதற்கு எலிகள் அதுவரை தெளிவான பதில் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவரிடம் டெக்னீசியனாக இருந்தவள் பூங்கோதை. தட்டில் எலியை நிறுத்துவதும், அது பாதம் தூக்கும் நேரத்தைப் பார்ப்பதும் அவள் வேலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே அவளுக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். மகள் தாரணியைக் குளிக்க உட்கார வைத்து, விரல் விரலாகப் பிரித்து, நாக்கை நீட்டச் சொல்லி, காதுக்குப் பின்னால், முழங்காலுக்குப் பின்னால், உள்ளங்காலில் என்று எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது, எங்கே வெந்திருக்கிறது, எங்கே வீங்கியிருக்கிறது என்று தேடுவாள். தாரணிக்கு ஆறு வயது, பிறந்ததிலிருந்து வலி என்றால் என்னவென்றே தெரியாது, அதனால் பயமும் தெரியாது. பல் முளைத்தபோது தன் விரல் நுனியையே கடித்துத் தின்னப் பார்த்தவள், ஒடிந்த கையை ஆட்டிக்கொண்டு ஊஞ்சல் விளையாடியவள், தோசைக்கல்லின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டே "அம்மா, என்னமோ கருகற வாசம் வருது" என்று கூப்பிட்டவள். உங்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் அது பாதி பாதியாக ஒளிந்திருந்திருக்கிறது, பிள்ளையிடம் வந்து முழுசாகிவிட்டது என்று ஜெயசீலன் ஒருநாள் பக்குவமாக விளக்கினார். பூங்கோதை தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஊருக்கோ தாரணி அம்மன் குழந்தை. தடுப்பூசி போடும்போது சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து நர்சுகள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள், பிறந்த பச்சைக் குழந்தைகளைத் தூக்கிவந்து தாரணியின் மடியில் வைத்து வாங்கிக்கொண்டு போனார்கள், கோயிலில் அவளுக்கென்று தனியாக மாலை வந்தது. தாரணிக்கு இதெல்லாம் நல்ல குஷி. லேத் பட்டறை வைத்திருந்த அவள் அப்பன் ரகுபதிக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பூங்கோதை மட்டும் மாலையைக் கழற்றிவிட்டு, அதில் ஊசி கீசி இருந்து கழுத்தில் கீறியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு எலி ஆபீசில் எப்போதும் போல எல்லாக் கருவிக்கும் ஓய்வு கொடுத்தார்கள். மைக்ரோஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம், தராசுக்குச் சந்தனம் குங்குமம், சூட்டுத் தட்டுக்கு, ஜீப்புக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, கூண்டுகளுக்கு எல்லாம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பங்கு போட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற ஜெயசீலனும் ஓரமாக நின்று பொரி தின்றார். கூண்டு கழுவுகிற மாராக்காளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"கூண்டுக்கெல்லாம் வெக்கறமே, உள்ள உசுரோட குத்த வெச்சிருக்கறதுக்கு வெக்காம உடலாமுங்களா? அது பாவமல்ல?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கிழக்கறை எலியைத் தூக்கி நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். அதைப் பார்த்து அக்கவுண்டண்ட் ஒன்றுக்கு வைத்தார், வாட்ச்மேன் ஒன்றுக்கு, கேண்டீன் சமையல்காரர் ஒன்றுக்கு, பூஜைக்கு வந்திருந்த வீட்டாட்கள் ஆளுக்கொன்றுக்கு. கிழக்கறை எலிகள் சமர்த்தாக நெற்றியைக் காட்டின. மேற்கறை எலிகள் கையைக் கண்டதும் உமிக்குள் புதைந்துகொண்டதால் அவற்றை யாரும் தொந்தரவு செய்யவில்லை. பூங்கோதை அன்றைக்குத் தாரணிக்குக் காய்ச்சல் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள், அவள் எந்த எலிக்கும் பொட்டு வைக்கவில்லை.

மறுநாள் காலையில், மருமகள் கையால் பல வருஷமாக வாயைத் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாராக்காள், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ஏனம்மிணி, கொழம்புல உப்பே இல்லியே, வாயில வெச்சுப் பாத்தியா இல்லியா?" என்றாள். மருமகள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அதே நேரத்தில் எலி ஆபீஸ் கிழக்கறையில், பூனைத் துணியையே கடித்துத் தின்கிற எலி ஒன்று, வராந்தாவில் யாரோ வளையல் குலுங்க நடந்து போன சத்தத்துக்கு உமிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கியது. ஊசி என்றாலே வேர்த்துப்போகிற அக்கவுண்டண்ட் அன்று போய் மரத்துப்போகிற ஊசிகூடப் போடாமல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார், அவர் பொட்டு வைத்த எலி தட்டில் பாதம் படுவதற்கு முன்பே கீச்சென்று கத்தியது.

ஜெயசீலன் கிழக்கறைக் கணக்கெல்லாம் தாறுமாறாகப் போவதைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். விசாரித்ததில் பொட்டு விஷயம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை, வாரா வாரம் சாமி படங்களுக்கு வைக்கிற பழக்கத்தில் அக்கவுண்டண்ட் தன் எலிக்கும் மறுபடி ஒரு பொட்டு வைக்க, போன பயமும் வலியும் ஒன்றாக அவரிடம் திரும்பி வந்து, பிடுங்கிய பல்லின் குழியைத் தொட்டுப் பார்த்து மயங்கி விழுந்தார். இப்படியாகச் சங்கதி தெளிவாயிற்று: பொட்டு வைத்த கையின் பயமும் வலியும் எலிக்குப் போகும், எலியுடையது கைக்கு வரும், பொட்டு அழிந்தாலும் மாறியது மாறியதுதான், திருப்பி வேண்டுமானால் அதே கை அதே எலிக்கு மறுபடி வைக்க வேண்டும். ஏன் இப்படி என்று ஜெயசீலன் ரொம்ப நாள் யோசித்தார். மற்றவர்கள் யாரும் யோசிக்கவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஊர் வந்து வாசலில் நின்றது. முதலில் நிறைமாதக்காரிகள் வந்தார்கள், பிறகு பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், பெண் கேட்கப் போகிற மாப்பிள்ளைகள், மேடையில் பேச வேண்டியிருந்த கட்சிக்காரர்கள், ஊசிக்குப் பயந்தவர்கள், இடிக்குப் பயந்தவர்கள், நாய்க்குப் பயந்தவர்கள், சும்மாவே பயந்துகொண்டிருந்தவர்கள். பேரூராட்சித் தலைவர் இது நம்மூர் எலி, வெளியூர்க்காரர்கள் அப்புறம்தான் என்று ஒரு வரிசைமுறை வகுத்தார். அம்மன் கோயில் பூசாரி குங்குமம் கொடுத்தனுப்பினார். பொட்டு வைக்கும் வழக்கமில்லாத பள்ளிவாசல் தெருக்காரர்கள் அத்தரைத் தொட்டு வைத்தார்கள், சர்ச் தெருக்காரர்கள் முகப்பவுடரைத் தொட்டு வைத்தார்கள், எலிக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. தலைமை அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமே என்று ஜெயசீலன் தினமும் போனை எடுப்பார், பயமாக இருக்கும், வைத்துவிடுவார். சார் நீங்களும் ஒரு பொட்டு வைத்தால் சொல்லிவிடலாமே என்று அக்கவுண்டண்ட் யோசனை சொன்னார். ஆராய்ச்சி செய்கிறவன் தன்னையே அதில் கலந்துவிடக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார், கொஞ்சம் ஏக்கத்தோடுதான்.

கிழக்கறை எலிகள் பாடுதான் திண்டாட்டமாயிற்று. ஓர் எலி கட்டம் போட்ட தாளைக் கண்டால் நடுங்கியது, அது கணக்குப் பரீட்சைக்குப் பயந்த பிள்ளையுடையது. ஓர் எலி மேலே தொங்குகிற தண்ணீர்க் குழாய்வரை எட்டிப் பார்க்கவே மறுத்தது. ஓர் எலிக்கு இருட்டு ஆகவில்லை, ஓர் எலிக்குத் தனிமை ஆகவில்லை, சர்க்கரை நோய் வந்துவிடுமோ என்று பயந்தவர் பொட்டு வைத்த எலி, வெல்லத் துண்டை வைத்தால் அழாத குறையாக விலகிப் போயிற்று. மாராக்காள் கூண்டு கூண்டாகப் போய், "ஊரான் பயத்தையெல்லாம் உன்ற தலையில கட்டிட்டாங்களே சாமி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆரம்பித்து வைத்தது தானே என்பதை வசதியாக மறந்துவிட்டு.

ஊர் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்ச நாளைக்கு. பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. தென்னை ஏறுகிறவர் உச்சியில் நின்று இரண்டு கையையும் விட்டுவிட்டு வேடிக்கை காட்டி வைக்கோல் போரில் வந்து விழுந்தார். டவுன் பஸ் டிரைவர் பாலத்து வளைவில் பிரேக்கைத் தொடவே இல்லை, அதில் வந்தவர்கள் இறங்கி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு மாப்பிள்ளை மாமனாரிடம் மனதில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, பெண்டாட்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் ஒரு மத்தியானம், எலி ஆபீஸ் கேண்டீனில், சமையல்காரர் கொதிக்கிற சாம்பாரில் விழுந்த கரண்டியைக் கையை விட்டு எடுத்து, தோல் வழன்று தொங்குகிற கையாலேயே சிரித்துக்கொண்டு எல்லோருக்கும் சாம்பார் ஊற்றினார். சாப்பிட உட்கார்ந்தவர்கள் யாரும் வாயில் வைக்கவில்லை. மாராக்காள் எழுந்து பூங்கோதையைப் பார்த்தாள்.

"அம்மிணி, உன்ற புள்ளை தெனமும் இப்படித்தானா?" என்றாள்.

பூங்கோதை, "ஆமாங்க்கா" என்றாள்.

அன்றைக்கு அந்தக் கேள்வி ஊர் முழுக்கப் போயிற்று. அதற்கப்புறம் யாரும் தாரணியின் மடியில் குழந்தையை வைக்கவில்லை, அதற்குப் பதிலாக, தெருவில் அவள் ஓடினால் யாராவது ஒருத்தர் பின்னாலேயே போய் அவள் கால் வைக்கிற இடத்தில் கல் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் திரும்பி வந்து வரிசையில் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு, அவரவர் எலிக்கு மறுபடி பொட்டு வைத்து அவரவர் பயத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். சமையல்காரர் தன் வலியை வாங்கிய நிமிஷத்தில் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசலில் போய் நடுங்கிக்கொண்டே நின்று பெண்டாட்டியைக் கூட்டி வந்தார். மாராக்காள் மட்டும் பாதியை வைத்துக்கொள்ள வழியுண்டா என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் பொட்டு வைத்தாள், ஆனால் உப்பு விஷயம் சொன்னது சொன்னதாகவே இருந்தது, குழம்பில் அதன்பிறகு உப்புக் குறையவில்லை.

எல்லோரும் வாங்கிக்கொண்டு போகிற அந்த வரிசையைப் பார்த்தபடி நின்றபோதுதான் பூங்கோதைக்கு அது தோன்றியது. ஊரே கிழக்கறைக்குப் போயிற்றே, மேற்கறைக்கு யாரும் போகவில்லையே. உடம்பெல்லாம் வலியும் பயமுமாக அங்கே ஒரு வம்சமே சும்மா உட்கார்ந்திருக்கிறதே.

சாயந்திரம் பட்டறையில் வைத்து ரகுபதியிடம் சொன்னாள். அவன் லேத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"உனக்கென்ன புத்தி கித்தி கெட்டுப்போச்சா கோதை? பெத்தவங்க நாமளே புள்ளைக்கு நோவு வாங்கிக் குடுக்கறதா? நான் இந்த முதுகு வலியோட ஒவ்வொரு நாளும் படற பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு ஒரே நிம்மதி, அவளுக்காவது இது இல்லைங்கறதுதான்."

"உங்களுக்கு முதுகு வலிச்சா நிறுத்திட்டு உக்காந்துக்கறீங்க. அவ உக்காருவாளா? முதுகெலும்பு ஒடிஞ்சாலும் ஓடிட்டுத்தான் இருப்பா."

"அதான் நாம பாத்துக்கறமல்ல?"

"எத்தனை நாளைக்குங்க? நாளைக்கு நானும் இல்லாம, நீங்களும் இல்லாம போனா அவளை யாரு பாத்துக்குவா? அந்த வலிதானுங்க பாத்துக்கோணும்."

ரகுபதி கைதுடைக்கிற துணியைத் தேடினான். அது அவன் தோளிலேயே கிடந்தது.

ஜெயசீலனும் தயங்கினார். "பூங்கோதை, வலி தனியா வராது. பயமும் கூடவே வரும். இருட்டைக் கண்டா அழுவா, பூனையைக் கண்டா ஓடுவா. ரெண்டையும் பிரிக்க முடியுமான்னு கேட்டீங்கன்னா, இத்தனை வருஷம் படிச்சும் எனக்குத் தெரியலை."

"இருக்கட்டும் சார். ஆறு வயசுப் புள்ளை இருட்டைக் கண்டா அழுகட்டும்."

"சரி, ரொம்பப் பயந்தாங்கொள்ளி எலியாப் பாக்காம, நடுத்தரமா ஒன்னைப் பார்த்துக் கொடுப்போம்" என்று அவரே போய் மேற்கறையில் ஒன்றைத் தேர்ந்து, தனிக்கூண்டில் எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கோதையும், அரைமனசாக ரகுபதியும் தாரணியைப் புதுப் பாவாடை கட்டிக் கூட்டிவந்தார்கள். ஊரில் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். தாரணி இடது கையில் குங்குமச் சிமிழைப் பிடித்துக்கொண்டு, தேர்ந்து வைத்த எலியைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின்னால் அலமாரியில் இருந்த இன்னொரு கூண்டைப் பார்த்தாள். அதில் இருந்த எலி உமிக்குள் முழுசாகப் புதைந்து, வால்நுனி மட்டும் வெளியே தெரிய நடுங்கிக்கொண்டிருந்தது. மேற்கறையிலேயே பயம் ரொம்பக் கூடிப்போனது அதுதான், தண்ணீர் சொட்டு விழுந்தாலும் சுருண்டுகொள்ளும், மாராக்காள் அதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயரே வைத்திருந்தாள்.

"அது எதுக்கும்மா ஒளிஞ்சுக்குது?" என்றாள் தாரணி.

"அதுக்குப் பயம் கண்ணு."

"பயம்னா?"

பூங்கோதை ஜெயசீலனைப் பார்த்தாள். அவர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தாரணி கூண்டைத் திறந்து, உமியைக் கிளறி, தொட்டாச்சிணுங்கியைப் பூவைத் தூக்குவது போலத் தூக்கி, "பயப்படாதே" என்று இப்போதுதான் கற்ற வார்த்தையைச் சொல்லி, அதன் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

தொட்டாச்சிணுங்கி நடுங்குவதை நிறுத்தியது. அவள் உள்ளங்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அறையையும் வெளிச்சத்தையும் ஆட்களையும் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சாவகாசமாகப் பார்த்தது. தாரணி அதை வேகமாகக் கூண்டுக்குள் விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிறகு இடது காலைத் தரையிலிருந்து தூக்கினாள்.

"அம்மா, கால்ல என்னமோ இருக்குதும்மா. என்னமோ பண்ணுது. அதை எடுத்துரும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஏங்கி, உதடு கோணி, ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

பூங்கோதை தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். முந்தின நாள் சாயந்திரமும் பார்த்த குதிகால்தான், ஒன்றும் தெரியவில்லை. "இங்க, இங்க" என்று தாரணி கையை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தை அழுத்தினால் அவள் அலறினாள், சுற்றிலும் அழுத்தினால் அலறவில்லை. பழைய தழும்பு ஒன்றுக்கு அடியில், தோல் மூடி, உள்ளே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தபோது வந்தது லேத்தில் கடையும்போது தெறிக்கிற இரும்புச் சுருள், துருப்பிடித்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும், காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். ரகுபதி அந்தச் சுருளை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அது அவன் பட்டறையில் தினமும் கூட்டித் தள்ளுகிற சுருள்.

ஆனால் வலி அதோடு நிற்கவில்லை. மரத்துப்போகிற மருந்து தீர்ந்ததும் தாரணி கத்திய கத்தலில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. ஆறு வருஷம் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே நாளில் அழுகிற மாதிரி அழுதாள், போர்வை உரசினால் அழுதாள், கட்டைத் தொட்டால் அழுதாள், நர்சைக் கண்டால் அழுதாள். பூங்கோதை அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து ஊதிக்கொண்டே இருந்தாள். ரகுபதி வராந்தாவில் நடந்தான், காதைப் பொத்தினான், வந்து பார்த்தான், மறுபடி நடந்தான். கடைசியில் அவனால் முடியவில்லை. உள்ளே வந்து மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, தடுக்க வந்த பூங்கோதையை ஒரு வார்த்தை பேச விடாமல், எலி ஆபீசுக்கு நடந்தான். அவன் பின்னால் அவள் ஓடினாள், அவள் பின்னால் ஊர் போயிற்று.

"கூண்டை எடுங்க சார். புள்ளை திருப்பி வெச்சுரட்டும். எனக்கு இந்தப் பாடம் போதும். நான் பட்டறையை வேற எடத்துக்கு மாத்திக்கறேன், அவ காலுக்குக் கீழ நானே கூட்டிட்டு வர்றேன். அவ அழுகையை என்னால கேக்க முடியலைங்க."

சொல்லும்போது அவனும் அழுதுகொண்டிருந்தான். ஜெயசீலன் பூங்கோதையைப் பார்த்தார். பூங்கோதைக்கு வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வாள். அவர் கூண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். தொட்டாச்சிணுங்கி நடுவில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. மாராக்காள் சிமிழைத் திறந்து நீட்டினாள்.

"வை சாமி" என்றான் ரகுபதி. "ஒரு பொட்டு வெச்சீன்னா எல்லாம் போயிரும். பழையபடி ஆயிருவே."

தாரணி விக்கிக்கொண்டே குங்குமத்தைப் பார்த்தாள், எலியைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"எல்லாமே போயிருமாப்பா?"

"எல்லாமே போயிரும் கண்ணு."

"அப்ப அம்மா ஊதறதும் தெரியாதா?"

ரகுபதிக்குப் புரியவில்லை. "எது?"

"நோவறப்ப அம்மா ஊதுனால்ல, அப்ப இங்க ஜில்லுனு..." என்று அவள் பாதத்தைக் காட்டினாள், அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "நெம்ப நல்லாருந்துச்சுப்பா. இதுக்கு முன்னால அம்மா ஊதுனா ஒன்னுமே தெரியாது."

தாரணி விரலை மடக்கிக்கொண்டு, அப்பாவின் தோளிலிருந்து இறங்கப் பார்த்து, கால் தரையில் பட்டதும் மறுபடி அலறி, அம்மாவின் பக்கம் கையை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். நீ ஊதும்மா."

பூங்கோதை எலி ஆபீஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் காலை மடியில் எடுத்து வைத்து ஊதினாள். மூச்சு முட்டியபோது ரகுபதி குனிந்து ஊதினான், அவனுக்குப் பிறகு மாராக்காள் ஊதினாள், ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் தங்களை அறியாமல் உதட்டைக் குவித்தார்கள். தாரணி கன்னத்தில் கண்ணீர் காயாமலே, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.